யன்னல், கதவு, சைடிங்: மூன்றும் ஒரே சுவர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் உள்ள வீடுகள் எல்லாமே 1970களில் கட்டியவை. கீழ்த்தளத்துக்குச் செங்கல், மேல்தளத்துக்கு அலுமினியம் சைடிங் (சுவரின் வெளிப்பக்கத்தை மூடி வரிசையாக அடிக்கிற பலகை), பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற அலுமினிய யன்னல்கள், முன்னால் ஒற்றைக் கதவு. நாட்டிலிருந்து வந்து முதல் வீடு வாங்கிய எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இப்படியான வீடுகளில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த வீடுகளுக்கு இப்போது ஐம்பது வயதாகிறது. பனி உருகி ஏப்ரல் பிறந்தால் போதும், தபால் பெட்டி நிறைய விளம்பரம். ஒருவர் யன்னல் விற்கிறார், இன்னொருவர் கதவு, வேறொருவர் சைடிங். ஆளுக்கொரு விலை சொல்லி, தனித்தனி வேலையாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டில் மூன்றையும் மாற்றி முடித்த பிறகு, சொந்தக்காரர்கள், கோயிலில் சந்திப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது "எந்தக் கம்பனி நல்லது?" என்றுதான். கம்பனியைப் பிறகு பார்க்கலாம் என்பேன். யன்னல் சட்டமும் வீட்டுச் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதை யார், எதைக் கொண்டு, எப்படி அடைக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கதவுக்கும் அதே கேள்வி. சைடிங்குக்கும் அதே கேள்வி. காற்றும் தண்ணீரும் வீட்டுக்குள் வருகிற வழி அதுதான்.

பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். யன்னலை மாற்றினால் சூடாக்கும் செலவு பாதியாகிவிடும் என்று விற்க வருகிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். சக்தியை மிச்சம் பிடிக்கிற பொருட்களுக்குக் கனடாவில் கொடுக்கிற எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு யன்னலின் யூ-மதிப்பு, அதாவது வெப்பம் வெளியே போகிற வேகம், 1.22க்கு மேல் போகக்கூடாது என்பது ஒரு அளவுகோல். வெப்பத்தைத் தடுக்கிற இன்சுலேஷனுக்குச் சொல்கிற ஆர்-மதிப்பில் (இது கூடினால் நல்லது) பார்த்தால் அது 4.7 அளவில் வரும். 1970களில் இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்த பஞ்சே பல வீடுகளில் ஆர்-12. ஆக, முத்திரை குத்திய புது யன்னல்கூட ஐம்பது வருடப் பழைய சுவரின் பாதியளவுக்குத்தான், அதற்கும் குறைவாகத்தான், வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒன்ராறியோவில் புது வீட்டு அட்டிக்குக்கு, அதாவது கூரைக்கு அடியில் உள்ள வெளிக்கு, ஆர்-60 போடுகிறார்கள். பழைய வீடுகளில் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. அட்டிக்கில் இன்சுலேஷனை நிரப்புவதற்கான செலவு வீடு முழுக்க யன்னல் மாற்றுவதில் ஒரு சிறு பங்குதான். கையில் ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அட்டிக்கைச் செய்யுங்கள். இதை யன்னல் விற்கிறவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

பிறகு எதற்கு யன்னல்? பக்கத்தில் உட்கார்ந்து வாழ்வதற்கு. வெளியே மைனஸ் 20, உள்ளே 21 பாகை என்று வைத்துக்கொள்வோம். பூச்சு எதுவுமில்லாத பழைய இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கம் ஏறக்குறைய 7 பாகையில் இருக்கும். சூட்டைத் திருப்பி அனுப்புகிற லோ-ஈ பூச்சும் நடுவில் ஆர்கன் வாயுவும் உள்ள மூன்று அடுக்குக் கண்ணாடியில் அது 15 பாகை அளவுக்கு ஏறும். காற்று எங்கும் புகாவிட்டாலும் 7 பாகைக் கண்ணாடிக்கு அருகில் இருக்கிற உடம்பு தன் சூட்டை அதற்கு இழந்துகொண்டே இருக்கும். வயதான அம்மா சோபாவை யன்னலை விட்டுத் தள்ளிப் போடச் சொல்வதற்குக் காரணம் அதுதான். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸைக் கூட்டி வைத்தாலும் அந்தக் குளிர் போகாது.

எதையும் மாற்றுவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றடிக்கிற ஒரு ஜனவரி நாளில் குசினி, குளியலறை ஃபான்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் சட்டத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழும்பினால் பிரச்சினை இல்லை. ஓரிடத்தில் வளைந்து அறைக்குள் தள்ளப்பட்டால் அங்கேதான் ஓட்டை. எங்கள் வீட்டில் புகை அதிகமாக ஆடியது கண்ணாடி ஓரத்திலும் இல்லை, திறக்கிற பக்கத்திலும் இல்லை. சுவரை மூடியிருந்த மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான். சில வீடுகளில் இதற்கு ஒரு குழாய் கோக்கிங் (இடைவெளி அடைக்கிற பசை) போதும்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் பனிப்புகார் போல மங்கல் படிந்து, துடைக்கவே முடியாமல் இருக்கிறதா? ஓரத்து அடைப்பு விட்டுப்போய் ஈரக்காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சட்டம் நன்றாக இருந்தால் அந்த இரட்டைக் கண்ணாடியை மட்டும் கழற்றி மாற்றலாம். முழு யன்னலுக்கும் விலை எழுதித் தருகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், விற்பனைக் கூடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தாள். யூ-மதிப்பு வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்பதைச் சொல்லும். குறைவாக இருந்தால் நல்லது. சூரிய வெப்ப எண் 0க்கும் 1க்கும் நடுவில் இருக்கும். வெயிலின் சூட்டில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும். கனடாவுக்கே உரிய ஈ-ஆர் எண், உள்ளே வருகிற வெயில் சூட்டைக் கூட்டி, வெளியே போகிற வெப்பத்தையும் காற்றுக் கசிவையும் கழித்துக் கிடைப்பது. எனர்ஜி ஸ்டாருக்கு யூ-மதிப்பில் தேறாவிட்டாலும் ஈ-ஆர் 34 இருந்தால் போதும். ஈ-ஆர் எல்லாத் திசைக்கும் சேர்த்துப் போட்ட சராசரிக் கணக்கு. உங்கள் வீட்டு வரவேற்பறை மேற்குப் பார்த்ததா, வடக்குப் பார்த்ததா என்று அதற்குத் தெரியாது. தெற்குப் பக்கத்துக்குச் சூரிய வெப்ப எண் கூடிய கண்ணாடி போட்டால் பெப்ரவரி வெயில் இலவசமாக வீட்டைச் சூடாக்கும். அதே கண்ணாடியை மேற்கில் போட்டால் ஜூலை மாலையில் அந்த அறையில் இருக்க முடியாது. ஒரே வீட்டில் பக்கத்துக்கு ஒரு கண்ணாடி கேட்டு வாங்கலாம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

திறக்கிற விதத்தையும் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி வெளிப்பக்கமாகத் திறக்கிற யன்னல், மூடும்போது ரப்பரை அழுத்திக்கொண்டு மூடும். இழுக்கிற யன்னல் தூரிகை போன்ற நாரை உரசிக்கொண்டு ஓட வேண்டும், அதனால் காற்று கூடுதலாகக் கசியும். திறக்கத் தேவையில்லாத இடத்துக்கு நிரந்தரமாக மூடிய கண்ணாடிதான் மலிவு, இறுக்கமும் அதிகம். நிறம், கட்டக் கோடு போன்றவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, பிடித்ததை எடுங்கள்.

இனி அந்த விரல் அளவு இடைவெளி. யன்னல் பூட்டுவதில் இரண்டு முறை உண்டு. பழைய சட்டத்தை அப்படியே விட்டு அதற்குள் புதியதைச் செருகுவது ஒன்று. எல்லாவற்றையும் கழற்றிச் செங்கலிலிருந்து செங்கல் வரை புதிதாகப் பூட்டுவது மற்றது. முதலாவது மலிவு, ஒரே நாளில் முடியும். ஆனால் சட்டத்துக்குள் சட்டம் வருவதால் கண்ணாடி சிறுக்கும்; பழைய சட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் கடைசிவரை தெரியாது. எங்கள் வீட்டில் முழுதாகக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டத்தைச் சுற்றித் திணித்திருந்த மஞ்சள் பஞ்சு பல இடங்களில் கரிக்கட்டை நிறத்தில் வந்தது. பூட்டுகிறவர், ஊரில் தச்சு வேலை பழகிய மூத்த அண்ணர் ஒருவர், அதைக் கையில் எடுத்துக் காட்டினார். "அக்கா, இது பூஞ்சணம் இல்லை. இவ்வளவு வருசமும் இதுக்குள்ளால காத்துப் போய் வந்திருக்கு. பஞ்சு தூசியைப் பிடிச்சு வச்சிருக்கு." பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அதனால்தான் இப்போது நுரை அடிக்கிறார்கள். அதிலும் யன்னலுக்கென்று உள்ள, குறைவாக விரிகிற நுரையைத்தான் அடிக்க வேண்டும். கூடுதலாக விரிகிறதை அடித்தால் சட்டத்தை உள்ளே தள்ளிவிடும், பிறகு யன்னல் சரியாகப் பூட்டாது. "அண்ணை, மேல் விளிம்புக்குத் தகடு வைக்கிறீங்களோ?" என்று கேட்டேன். வண்டியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். மேலிருந்து வழிகிற தண்ணீரை யன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிற அந்தத் தகடு சில டொலர் பெறுமதியான பொருள். அது இல்லாத யன்னலின் கீழ்மூலை காலப்போக்கில் உக்கும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நெருப்புப் பிடித்தால் ஏறி வெளியே போவதற்காக, படுக்கையறை யன்னலின் திறந்த வெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, நீளமோ அகலமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவை சொல்கிறது. யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் திறக்கிறதென்றால் அதற்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடம் விட வேண்டும். இது திறந்த பிறகு கிடைக்கிற வெளி, கண்ணாடியின் அளவு அல்ல. பழைய சட்டத்துக்குள் புது யன்னலைச் செருகி இந்த வெளியைச் சிறுக்கவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறைகளில் மாணவப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இருக்கிற அளவிலேயே மாற்றினால் பொதுவாக அனுமதிப்பத்திரம் தேவையில்லை. சுவரை வெட்டிப் பெரிதாக்கினால் வேண்டும். அதற்குச் செலவாகும். செலவழியுங்கள்.

புது யன்னல் போட்ட முதல் மாரிகாலத்தில் எங்கள் சனத்திடமிருந்து வருகிற முறைப்பாடு ஒன்று உண்டு: "முந்தி இல்லாத தண்ணி இப்ப கண்ணாடியில வடியுது." அநேகமாக யன்னலில் பிழை இருக்காது. பழைய ஓட்டைகள் வழியாகத் தன்பாட்டில் வெளியே போய்க்கொண்டிருந்த ஈரம் இப்போது உள்ளேயே நிற்கிறது. நாங்கள் இரண்டு நேரம் சோறு வடிக்கிறோம், புட்டு அவிக்கிறோம், பருப்பு மணிக்கணக்கில் கொதிக்கிறது. குசினி ஃபானைப் போட வேண்டும், அது வீட்டுக்குள்ளேயே சுற்றி ஊதாமல் வெளியே ஊதுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே மைனஸ் 20 அளவுக்குப் போகிற நாட்களில் உள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் வடியாது. அதைக் காட்டுகிற சின்ன மீற்றர் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

கதவுக்கு வருவோம். எஃகுத் தகட்டுக்குள் நுரை நிரப்பிய கதவு, ஃபைபர்கிளாஸ் கதவு, மரக்கதவு என்று மூன்று வகை. எஃகு மலிவு, உறுதி. அடிபட்டால் நெளியும், உப்புப் பட்ட இடத்தில் துருப்பிடிக்கும். ஃபைபர்கிளாஸ் விலை கூட, ஆனால் நெளியாது, துருப்பிடிக்காது, மர வேலைப்பாடு போலவே கிடைக்கும். ஊரில் இருந்ததுபோல் செதுக்கிய தேக்குக் கதவு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே கதவின் ஒரு முகம் 21 பாகை காய்ந்த காற்றிலும் மறுமுகம் மைனஸ் 20 பாகையிலும் நிற்கும், பிறகு ஆடியில் புழுங்கும். தனி மரம் இரண்டு காலத்திலும் அசைந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் வெடிக்கும், ஓரிடத்தில் சிக்கும். வெயிலும் மழையும் நேரே படாத, ஆழமான போர்ட்டிக்கோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இரட்டைக் கதவு பார்க்க அழகு. இரண்டு கதவும் சந்திக்கிற நடுக்கோட்டில்தான் காற்று வரும், அங்கே பல இடத்தில் பூட்டுகிற பூட்டைக் கேளுங்கள். பூட்டின் நாக்குப் போகிற தகட்டை 3 அங்குலத் திருகாணியால் உள்ளே இருக்கிற மரச்சட்டம் வரை இறுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் மெல்லிய நிலைப்பலகையில் குட்டைத் திருகாணியால் இறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஒரு உதையில் பெயர்ந்துவிடும்.

கதவில் தண்ணீருக்குப் பிடித்த இடம் வாசற்படியின் அடி. அங்கே தண்ணீரை வெளியே தள்ளுகிற தட்டு வைக்கிறார்களா என்று கேளுங்கள். நிலைக்கு வெளியே மரத்தை மூடி அலுமினியத் தகடு போடுவார்கள். நாங்கள் வீடு குடிபூரலுக்கு மாவிலைத் தோரணம் கட்ட அந்தத் தகட்டில்தான் ஆணி அடிக்கிறோம். ஆணியைக் கழற்றிய பிறகு அந்த ஓட்டைக்குள்ளால் தண்ணீர் போகும், உள்ளே மரம் நனைந்ததே தெரியாது. கதவு பூட்ட வருகிறவரிடமே இரண்டு கொக்கியை சிலிக்கோன் வைத்துப் பொருத்தித் தரச் சொன்னால், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதிலேயே கட்டலாம்.

இந்த மூன்றிலும் ஆகக் குறைவாக யோசித்து வாங்கப்படுவது சைடிங். அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சைடிங் தண்ணீரை முழுதாக மறிக்கிற பொருள் அல்ல. அதற்குப் பின்னால் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் போகும். போனது கீழே வழிந்து வெளியே வர வேண்டும், மிச்சம் காய வேண்டும். சைடிங்குக்குப் பின்னால் சுவரைச் சுற்றுகிற தாள் அதற்குத்தான். நாங்கள் கிடுகு வேய்வதுபோல, மேல்தாள் எப்போதும் கீழ்த்தாளுக்கு வெளியே விழ வேண்டும். யன்னலின் மேல் தகடு அந்தத் தாளுக்கு அடியில் நுழைய வேண்டும். இந்த வரிசை ஓரிடத்தில் மாறினால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். 1980களிலும் 90களிலும் வான்கூவர் பக்கம் கட்டிய அடுக்குமாடிகளில் அதுதான் பெரிய அளவில் நடந்தது. சுவருக்குள் போன மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரச்சட்டங்கள் உக்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் சேமிப்பையே இழந்தார்கள். 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பரெட் தலைமையில் விசாரணை ஆணைக்குழுவே அமைக்க வேண்டி வந்தது.

இதனால்தான் மூன்றையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள் என்று சொல்கிறேன். இரண்டு மூன்று வருடத்தில் சைடிங்கைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் மேல்தள யன்னலை இப்போது மாற்றாதீர்கள். சைடிங் இல்லாத சுவரில் யன்னலைப் பூட்டினால்தான் தாளும் தகடும் சரியான வரிசையில் சேரும். சுவர் திறந்து கிடக்கும்போது ஒன்றரை, இரண்டு அங்குல நுரைப்பலகையை வெளிப்பக்கம் போடவும் முடியும். பஞ்சு மரச்சட்டங்களுக்கு நடுவில் மட்டும்தான் இருக்கிறது; மரத்துக்குள்ளால் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். வெளியே போடுகிற பலகை மரத்தையும் சேர்த்து மூடும். சுவர் தடித்தால் யன்னலின் ஆழமும் மாறும், அதனால் யன்னல் ஓடர் கொடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

வைனைல் என்கிற பிளாஸ்டிக் சைடிங் மலிவு, பூச்சு வேண்டாம். 12 அடித் துண்டு மாரிக்கும் கோடைக்கும் நடுவில் அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதனால் ஆணியை ஓட்டையின் நடுவில் அடித்து, தலைக்கு அடியில் 1 மில்லிமீற்றர் இடம் விட வேண்டும். இறுக்கி அடித்தால் வெயிலில் அலையாக நெளியும். வேலை முடிந்த பிறகு உள்ளங்கையை வைத்து ஒரு துண்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அது நகர வேண்டும். பார்பிகியூவை அதற்குப் பக்கத்தில் வைத்தால் உருகும். எதிர்வீட்டு யன்னலாலும் உருகும் என்பது பலருக்குத் தெரியாது. வைனைல் 70 பாகை அளவில் இளகத் தொடங்கும். குளிரில் உள்வாயு சுருங்கி லோ-ஈ கண்ணாடி சற்றே குழிந்தால், தெறிக்கிற வெயில் ஒரு கோடாகக் குவிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் விழும். நெருக்கமாக நிற்கிற எங்கள் வீடுகளில் இது நடக்கிறது. யன்னலுக்கு வெளியே முழு வலை போட்டால் குறையும். ஃபைபர் சிமென்ட் உருகாது, எரியாது, ஆலங்கட்டிக்கும் தாங்கும். விலையும் பாரமும் அதிகம், வெட்டும்போது பறக்கிற தூசி நெஞ்சுக்குக் கூடாது. காசு இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். எதைப் போட்டாலும், கீழே செங்கல் வரிசையில் ஆங்காங்கே விட்டிருக்கிற சின்ன இடைவெளிகளை அடைக்க விடாதீர்கள். சுவருக்குள் போன தண்ணீர் வெளியேறுகிற வழி அது.

கையெழுத்துப் பற்றி. ஒன்ராறியோ 2018 மார்ச்சில் ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பதைத் தடை செய்தது. யன்னலும் கதவும் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அவர்கள் இன்னும் கதவைத் தட்டுகிறார்கள். என் மாமி ஒருத்தியிடம் வந்தவர் "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று இரவு வரை குசினி மேசையை விட்டு எழும்பவில்லை. மாமி களைத்துப்போய்க் கையெழுத்து வைத்தார். வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்தோம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், நீங்கள் புதிதாக எதையும் ஒத்துக்கொள்ளாதவரை, கடைசிப் பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகவும் கூடாது. மத்திய அரசின் 5,000 டொலர் வரையான கிரீனர் ஹோம்ஸ் மானியத்தைக் காட்டி விற்கிறவர்களிடமும் கவனமாக இருங்கள்; 2021இல் தொடங்கிய அந்த மானியத்துக்குப் புது விண்ணப்பம் எடுப்பது 2024இலேயே நின்றுவிட்டது.

ஒப்பந்தத்தில் முழுதாகக் கழற்றுவதா செருகுவதா, எந்த நுரை, மேல் தகடு உண்டா, தாளை யார் சேர்ப்பது, பழைய மரம் உக்கியிருந்தால் அடிக்கு என்ன விலை என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு யன்னலையும் திறந்து மூடுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தாள்களைக் கிழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுங்கள். அடைப்பு விட்டுப்போய்க் கண்ணாடி மங்குகிற நாளில் உத்தரவாதம் கேட்க அந்த எண்கள் வேண்டும். வீட்டை விற்றால் வாங்குகிறவருக்கும் அவை வேண்டும். சில உத்தரவாதங்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பேர் மாறும்.